ஷேவிங் க்ரீம் தீர்ந்துபோச்சா? வீட்டுல இருக்கிறதுல எது கை கொடுக்கும், எது கழுத்தைப் பதம் பார்க்கும்?

மாசக் கடைசி. ஷேவிங் க்ரீம் ட்யூபை அடியிலிருந்து சுருட்டி, மடிச்சு, டூத் பிரஷ் காம்பை வச்சு நசுக்கிக்கூடப் பார்த்தாச்சு. ம்ஹூம். காலையில இன்டர்வியூ. சம்பளம் வர இன்னும் ஆறு நாள். அப்போ கை தானா எங்கே போகும்? குளிக்கிற சோப்புக்குத்தான். அதைத் தேய்ச்சு அவசரமா நாலு இழுப்பு இழுத்துட்டு, சட்டை காலர் பட்டனைப் போட்டதும் கழுத்து திகுதிகுன்னு எரியும்.

இன்னொரு பக்கம் ரீல்ஸ். 'கிச்சன்ல இருக்கிற மூணே பொருள் போதும், இனி க்ரீமே வாங்க மாட்டீங்க' என்று யாராவது எலுமிச்சையைப் பிழிந்துகொண்டிருப்பார்கள். 

இந்த மாற்று வழிகளில் சில நிஜமாகவே நன்றாக வேலை செய்யும். சில சுமார். சிலவற்றை முகத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. எது எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்க ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ஷேவிங் க்ரீம் நம்ம முகத்துல அப்படி என்னதான் பண்ணுது?

நுரை ஹீரோ இல்லை, தண்ணிதான்!

தாடி முடி காய்ந்திருக்கும்போது விறைப்பாக இருக்கும். தண்ணீரில் ஊறினால் மெத்தென்று ஆகிவிடும். முடி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்படி ஊறிய முடியை வெட்ட பிளேடுக்கு ரொம்பக் குறைந்த விசையே போதும். இதற்கு இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம்.

காய்ந்த முடியைச் சின்ன விஷயமா நினைக்காதீங்க. 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், ஷேவ் பண்ணின பிளேடுகளை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பிளேடு ஸ்டீல், முடியைவிடக் கிட்டத்தட்ட 50 மடங்கு கடினமானது. ஆனாலும் முடி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வளைந்து மோதும்போது, பிளேடின் கூர்முனையில் துணுக்குத் துணுக்காக உடைந்துவிடுகிறதாம். அப்படிப் பொக்கை விழுந்த பிளேடுதான் நாலாவது ஷேவில் தோலைப் பிறாண்டுகிறது.

க்ரீமுக்கு இருப்பது மூன்றே வேலைகள். முடியில் ஏறிய தண்ணீர் காற்றில் காய்ந்துவிடாமல் பிடித்து வைக்கணும். பிளேடு தோலில் வழுக்கிப் போக ஒரு மெல்லிய படலம் போடணும். எங்கே ஷேவ் பண்ணியாச்சு, எங்கே பாக்கி என்று கண்ணுக்குக் காட்டணும். நுரை அந்த மூன்றாவது வேலைக்குத்தான் பெரிதாக உதவுகிறது. முதல் இரண்டையும் செய்யும் எந்தப் பொருளும் உங்க முகத்துக்கு ஓகே.

அதனால் எந்த மாற்று வழியைப் பிடித்தாலும் முதல் படி ஒன்றுதான். குளிச்சு முடிச்சதும் ஷேவ் பண்ணுங்க, குளிக்கிறதுக்கு முன்னாடி வேண்டாம். நேரமில்லையா? வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை இரண்டு நிமிடம் முகத்தில் வையுங்க. செலவு பூஜ்யம். பாதி எரிச்சல் இதிலேயே போய்விடும்.

குளிக்கிற சோப்பு ஏன் சொதப்புது?

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. நுரை வரும் ஷேவிங் க்ரீமும் அடிப்படையில் சோப்புதான். ட்யூபின் பின்பக்கம் பாருங்க. பெரும்பாலும் ஸ்டியரிக் ஆசிட், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கிளிசரின் என்று இருக்கும். குளியல் சோப்பு சோடியத்தில் செய்தது. அதனால்தான் அது கட்டியாக நிற்கிறது. பொட்டாசியம் சேர்த்தால் சோப்பு இளகி, க்ரீம் பதத்துக்கு வரும். தண்ணீரில் சுலபமாகக் கரையும். ஸ்டியரிக் ஆசிட் சேரும்போது குமிழிகள் பொடிப்பொடியாக, அடர்த்தியாக வரும், சீக்கிரம் உடையாது. குளியல் சோப்பின் நுரை, பீர்க்கங்காய் நார் மாதிரி பெரிய பெரிய ஓட்டையோடு இருக்கும். ஒரு கன்னத்தை முடிச்சுட்டு அடுத்த கன்னத்துக்கு வர்றதுக்குள்ள அது காய்ஞ்சு போயிருக்கும். பிளேடு காய்ந்த தோலில் ஓடும்.

சோப்பை விட்டால் வேறு வழியில்லை என்றால், மூணு விஷயம் செய்யலாம்.

ஒன்று, பிரஷ். சோப்பை நேரடியாக முகத்தில் தேய்க்காமல், ஈர பிரஷ்ஷால் சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்றி, பிறகு முகத்தில் ஒரு நிமிடம் வட்டமாகத் தேய்த்தால் அதே சோப்பு வேறு மாதிரி நடந்துகொள்ளும். நுரை அடர்த்தியாகும். முடி நிமிர்ந்து நிற்கும். நம்ம ஊர் சலூன் அண்ணன்கள் பிரஷ்ஷை இவ்வளவு நேரம் சுத்துறது சும்மா இல்லை.

இரண்டு, கிளிசரின். மெடிக்கல் ஷாப்பில் சின்ன பாட்டிலாகக் கிடைக்கும். நுரையில் இரண்டே சொட்டு விட்டுக் கலக்குங்க. கிளிசரின் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் ஆள். நுரை காயாது. ஆனால், அதைத் தனியாக முகத்தில் பூச வேண்டாம்.

மூன்றாவதைத்தான் யாரும் சொல்வதில்லை. போர் தண்ணி! சென்னையின் பல ஏரியாக்களிலும், இன்னும் எத்தனையோ ஊர்களிலும் குழாயைத் திறந்தால் வருவது கடினநீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத திப்பியாக மாறிவிடும். பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். பிரஷ்ஷை எவ்வளவு சுத்தினாலும் நுரை வராது. வந்தாலும் பொசுக்கென்று அடங்கிவிடும். 'இந்த பிராண்டே வேஸ்ட்டு' என்று ட்யூபைத் திட்டி அடுத்த பிராண்டுக்கு மாறுபவர்களில் பலருக்கு உண்மையான வில்லன் குழாயில் இருக்கிறான். ஷேவுக்கு மட்டும் ஒரு டம்ளர் குடிதண்ணீரை எடுத்து லேசாகச் சூடாக்கிப் பாருங்க. அதே சோப்பு, அதே பிரஷ், நுரை பொங்கி நிற்கும்.

ஆச்சர்யமான மாற்று: கண்டிஷனர்

தலைக்குப் போடும் ஹேர் கண்டிஷனர்தான் என்னைக் கேட்டால் அவசரத்துக்கு முதல் சாய்ஸ். ஒரு சாஷே போதும், மிச்சம்கூட இருக்கும். முடியை மிருதுவாக்கவே தயாரித்த பொருள் அது. அதில் இருக்கும் பாசிட்டிவ் மின்னேற்றம் கொண்ட மூலக்கூறுகள் முடியின் மேல் ஒட்டிக்கொண்டு வழவழப்பைத் தரும். சோப்பு இல்லை என்பதால் போர் தண்ணியிலும் திப்பியாகாது. நுரை வராது, அவ்ளோதான் குறை.

ஈரமான முகத்தில் மெல்லிசாகத் தடவி ஒரு நிமிடம் விடுங்க. அப்புறம் ஷேவ். முடித்ததும் நன்றாகக் கழுவணும். கழுவாமல் விட்டால், பரு வரும் சருமத்துக்கு அது பிடிக்காமல் போகலாம். கை, கால் ஷேவ் பண்ணும் பெண்களுக்கும் இதே கண்டிஷனர் செமயா செட் ஆகும். 'ஃபார் விமன்' என்று பிங்க் கலரில் தனியாக ஒரு கேன் வாங்கத் தேவையே இல்லை.

தேங்காய் எண்ணெய்: நண்பன், ஆனா கண்டிஷன்ஸ் அப்ளை

தமிழ்நாட்டு வீட்டில் தேங்காய் எண்ணெய் இல்லாமல் இருக்காது. வழுக்குவதில் அதை அடிச்சுக்க ஆளில்லை. ஆனால் பலரும் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். காய்ந்த முகத்தில் எண்ணெயைத் தடவிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால், முடிக்குள் தண்ணீர் எப்படி ஏறும்? எண்ணெய் குறுக்கே நிற்கும். முதலில் தண்ணீர், இரண்டு நிமிடம் ஊறணும். பிறகுதான் எண்ணெய், அதுவும் நாலைந்து சொட்டு. இன்னும் நல்ல ரிசல்ட் வேணுமா? அந்த எண்ணெய்க்கு மேலேயே சோப்பு நுரையைப் போடுங்க.

இரண்டு சிக்கல்கள் உண்டு. மூணு பிளேடு, அஞ்சு பிளேடு கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு எண்ணெயும் முடியும் சேர்ந்து இடுக்குகளில் அடைத்துக்கொள்ளும். பழைய மாடல் ஒற்றை பிளேடு ரேஸரில் அந்தத் தொல்லை குறைவு. இரண்டாவது, முகப்பரு இருப்பவர்கள் தேங்காய் எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது. அது துளைகளை அடைக்கக்கூடியது.

அப்புறம், ரீல்ஸில் சுற்றும் அந்த 'ஹோம்மேட் ஷேவிங் க்ரீம்' ரெசிப்பி. தேங்காய் எண்ணெய், ஷியா பட்டர் இரண்டையும் உருக்கி, ஃப்ரிட்ஜில் வைத்து, பீட்டரால் அடித்து, வெண்ணெய் மாதிரி ஜாடியில் நிரப்புவார்கள். பார்க்க அழகு. ஆனால் தேங்காய் எண்ணெய் உருகுவது சுமார் 24 டிகிரியில். அந்த ரெசிப்பி குளிர் நாட்டு பாத்ரூமுக்கானது. மே மாதம் மதுரையில் செய்து வைத்தால், மறுநாள் ஜாடியில் எண்ணெய்தான் இருக்கும். போதாக்குறைக்கு, ஷியா பட்டர் வாங்கும் காசுக்கு ஒழுங்கான க்ரீமே வாங்கிவிடலாம். இதுக்குப் பேர் சிக்கனமா?

கொல்லையில இருக்கு க்ரீம்

நம்ம ஊருக்குப் பொருத்தமான மாற்று வேணும்னா தொட்டிச் செடிகளைப் பாருங்க.

சோற்றுக்கற்றாழையின் உள்ளே இருக்கும் ஜெல் பெரும்பாலும் தண்ணீர்தான், கூடவே வழவழப்பு. க்ரீமின் முதல் இரண்டு வேலைகளையும் அது பார்த்துக்கொள்ளும். ஒரு மடலை வெட்டியதும் அப்படியே முகத்தில் தேய்த்துவிடாதீங்க. தோலுக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு பால் வடியும். அதுதான் பலருக்கு அரிப்பைக் கிளப்புவது. வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி கால் மணி நேரம் சாய்த்து வைத்தால் அது வடிந்துவிடும். பிறகு கழுவி, தோலைச் சீவி, உள்ளிருக்கும் சோற்றை மிக்ஸியில் ஒரு சுற்று. வடிகட்டினால் ஜெல் ரெடி. கண்ணாடி மாதிரி தெரிவதால் கிருதா, மீசை ஓரமெல்லாம் கோடு பார்த்து ஷேவ் பண்ண இது நுரையைவிட வசதி.

செம்பருத்தி இலையை அரப்போடு சேர்த்துத் தலைக்குத் தேய்த்துக் குளித்த பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். பத்துப் பதினைந்து இலையைக் கழுவி, ஒரு கப் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, கையால் கசக்கிப் பிழிந்தால் வெண்டைக்காய் மாதிரி கொழகொழவென்று வரும். மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளணும், இல்லையென்றால் இலைத் துணுக்கு பிளேடில் சிக்கும். அடர்த்தியான தாடிக்கு இது பத்தாது. லேசாக முளைத்த முடிக்கும் கை, காலுக்கும் போதும். பத்துப் பைசா செலவில்லை.

செடியே இல்லாத மேன்ஷன்வாசிகளுக்கு ஆளி விதை இருக்கிறது. ஒரு டேபிள்ஸ்பூன் விதையை ஒரு கப் தண்ணீரில் ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிட்டால், முட்டை வெள்ளைக்கரு பதத்தில் ஜெல் வரும். சூடாக இருக்கும்போதே வடிகட்டிவிடணும். ஆறினால் விதையைப் பிரிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

தயிர், கடலை மாவு, தேன்? தயிரின் புளிப்பு சின்னக் கீறலிலும் சுள்ளென்று எரியும். கடலை மாவு ரேஸரை அடைக்கும். தேன் ஒட்டும். மூணையும் சாப்பிடலாம்.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்

நம் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது. பி.ஹெச். சுமார் 5. எலுமிச்சைச் சாறு 2-க்குப் பக்கத்தில். ஷேவ் பண்ணும்போது பிளேடு முடியோடு சேர்த்துத் தோலின் மேல் அடுக்கையும் கொஞ்சம் சுரண்டிவிடும். அந்த நேரத்தில் எலுமிச்சை பட்டால் எரிச்சல் வரும். அதைவிட மோசம், எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால், அதிலுள்ள சில ரசாயனங்கள் சூரிய ஒளியோடு வினைபுரிந்து தோல் வெந்த மாதிரி ஆகும். பிறகு அந்த இடம் கருத்துப்போகும். அந்தக் கறுப்பு மறைய வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். பைக்கில் ஆபீஸ் போகிறவர்கள் இதைக் கண்டிப்பாகத் தவிர்க்கணும்.

ஆப்ப சோடா எதிர்ப்பக்கம். அது காரத்தன்மை கொண்டது, கூடவே நறநறப்பு. டூத் பேஸ்ட்டில் பல்லைத் தேய்க்கும் பொடியும் மென்தாலும் இருக்கும். ஜில்லென்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீங்க, அது எரிச்சலின் இன்னொரு முகம். துணி சோப்பு, பாத்திரம் கழுவும் லிக்விட் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஹாஸ்டலில் அதையும் முயற்சி பண்ணும் புண்ணியவான்கள் இருப்பதால் சொல்லி வைக்கிறேன்.

வீட்டிலேயே காஸ்டிக் பொட்டாஷ் வாங்கி, எண்ணெயைக் காய்ச்சி ஷேவிங் சோப்பு செய்யும் வீடியோக்களும் உண்டு. அளவு கொஞ்சம் பிசகினாலும் மிஞ்சிய காரம் தோலைப் புண்ணாக்கிவிடும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. சில ரூபாய் மிச்சத்துக்கு அந்த ரிஸ்க் தேவையில்லை.

நிஜமான மிச்சம் எங்கே?

ஒரு சின்னக் கணக்கு. 70 கிராம் ட்யூப் என்று வைத்துக்கொள்வோம். கையில் பிதுக்கி முகத்தில் அப்புகிறவருக்கு ஒரு தடவைக்கு 3 கிராம் போனால், 23 ஷேவ். பிரஷ் வைத்து ஒரு கிராமில் முடிப்பவருக்கு 70 ஷேவ். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஷேவ் என்றால், முன்னவருக்கு ஒன்றரை மாதத்தில் ட்யூப் காலி. பின்னவருக்கு நாலரை மாதம் தாண்டும். இத்தனைக்கும் நுரை பின்னவருக்குத்தான் அதிகம்! பிரஷ் ஒருமுறை செலவு. கழுவி உதறி, முடி கீழே பார்க்கும்படி தொங்கவிட்டுக் காயவைத்தால் வருடக்கணக்கில் உழைக்கும்.

கேனில் வரும் ஃபோம்தான் பர்ஸுக்கு எதிரி. உள்ளே இருக்கும் கேஸ் அதை ஊதிப் பெரிதாக்குகிறது. உள்ளங்கை நிறைய வந்தாலும் அதில் பெரும்பகுதி காற்று. க்ரீமைவிட மலிவான இன்னொன்று, வட்டமாக வரும் ஷேவிங் சோப்பு. தேயத் தேய மாசக்கணக்கில் வரும். தாத்தா காலத்து ஐட்டம் என்று ஒதுக்காமல் ஒருமுறை வாங்கிப் பாருங்க.

உண்மையில் ஷேவிங் பட்ஜெட்டைத் தின்பது க்ரீம்கூட இல்லை, கார்ட்ரிட்ஜ். ஒரு மல்டி பிளேடு கார்ட்ரிட்ஜ் விலையில் இருபக்க பிளேடு பாக்கெட்டே வாங்கலாம். காசைப் பார்த்து ஒரே கார்ட்ரிட்ஜை மூணு மாசம் இழுத்துவிட்டு, எரிச்சலுக்குக் க்ரீமைக் குறை சொல்வது நியாயமில்லை. மொட்டை பிளேடுக்கு முன்னாடி எந்தக் க்ரீமும் நிற்காது.

கழுத்துல பொரிப் பொரியா வருதா?

சுருள் முடிக்காரர்களுக்கு இது சகஜம். ரொம்ப ஒட்ட வெட்டிய முடியின் கூர்முனை திரும்பி வளைந்து தோலுக்குள்ளேயே குத்தும். உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்துச் சண்டை போடும். அதுதான் அந்தச் சிவந்த பொரி. முடி வளரும் திசையிலேயே ஷேவ் பண்ணுங்க, ரிவர்ஸ் வேண்டாம். தோலை இழுத்துப் பிடித்து மழுமழுவென்று எடுக்கும் ஆசையையும் கொஞ்சம் விட்டுடுங்க. ஆபீஸில் ஓகே என்றால், ட்ரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுவது இன்னும் நிம்மதி.

இதற்காக மெடிக்கலில் போய் 'சிவப்பு போக ஏதாவது க்ரீம் குடுங்கண்ணா' என்று கேட்டு வாங்கிப் பூசாதீங்க. பல நேரம் கையில் கிடைப்பது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். நாலு நாள் பளிச்சென்று இருக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகச் சிவக்கும். சீழ் வைத்தாலோ, இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ தோல் டாக்டரைப் பாருங்க.

ஷேவ் முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர், பிறகு படிகாரம். சின்னக் கீறலில் கசியும் ரத்தத்தைச் சட்டென்று நிறுத்துவதில் அதை மிஞ்ச ஆளில்லை. விலையும் சொற்பம். ஈரம் பண்ணி ஒரு தடவு, அரை நிமிடம் கழித்துக் கழுவிவிடணும். காயவிட்டால் தோல் வறண்டு இழுக்கும். ஆனால் உங்க படிகாரம் உங்களுக்கு மட்டும்தான். ரேஸரும் அப்படியே. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத் துளியில்கூட ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ரத்தமே போதும். ரூம்மேட் எவ்வளவு நெருங்கிய நண்பனா இருந்தாலும் சரி, பிளேடை மட்டும் பங்கு போட வேண்டாம். சலூனிலும் கண்ணெதிரே புது பிளேடைப் பிரிக்கச் சொல்லுங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

செஞ்சு வச்சா எத்தனை நாள்?

கடையில் வாங்கும் க்ரீம் கெட்டுப்போகாமல் இருக்க அதில் ப்ரிசர்வேட்டிவ் இருக்கும். நீங்க அரைத்த கற்றாழையிலோ செம்பருத்தியிலோ அது கிடையாது. தண்ணீர் உள்ள எந்த வீட்டுத் தயாரிப்பிலும் கிருமி வளரும். பிளேடு பட்ட தோலில் அதைத் தடவுவது புண்ணை வரவழைப்பது மாதிரி. வெளியே வைத்தால் அன்றைக்கே முடித்துவிடணும், ஃப்ரிட்ஜில் மூணு நாள் போதும். வாசனை மாறினால், நீர்த்துப்போனால், கொட்டிவிடலாம். முதல்முறை எதைப் போட்டாலும் முந்தின நாளே முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பார்த்துவிடுங்க.

அதிகமாகச் செய்துவிட்டால், ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைக்கலாம். ஒரு ஷேவுக்கு ஒரு கட்டி. வெயில் நாளில் கழுத்துக்கு அது தனி சுகம். டப்பா மேல மட்டும் பெரிசா 'ஷேவிங்' என்று எழுதி ஒட்டிடுங்க. இல்லைன்னா, கோடைக்கு நல்லதுன்னு அம்மா எடுத்து மோர்ல போட்டுடுவாங்க.